படத்தில் வராத வீடு

கேள்வி, 2 மார்ச் 2025

2021-இல் வரவேற்பறைக்குச் சாம்பல் நிறம் பூசினோம். அப்போது எங்கு பார்த்தாலும் சாம்பல்தான். இப்போது "சாம்பலின் காலம் முடிந்தது, இனிப் பழுப்பும் களிமண் நிறமும்தான்" என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த அறை அலுத்துவிட்டது. மாலையில் அங்கே உட்கார்ந்தாலே மனம் சோர்கிறது. மாற்றிவிடலாமா? எந்தக் காலத்துக்கும் பழசாகாத நிறம் என்று ஒன்று உண்டா?

2 மார்ச், இரவு

கிடையாது. இப்போதைக்குச் சுவரைத் தொடாதீர்கள்.

பான்டோன் என்ற நிறுவனம் 2000-இலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிறத்தை அறிவித்து வருகிறது. நிறங்களுக்கு எண் கொடுத்து அந்த எண் அட்டைகளை அச்சகங்களுக்கும் துணி ஆலைகளுக்கும் விற்பது அதன் தொழில். 2021-க்கு அது தேர்ந்தெடுத்தது சாம்பலும் மஞ்சளும் சேர்ந்த ஜோடி. 2025-க்கு ‘மோக்கா மூஸ்’ என்ற பழுப்பு. நடுவில் ஒரு நீல ஊதா, ஒரு கருஞ்சிவப்பு, ஒரு பீச் என மூன்று வந்து போயின. அவற்றை நம்பி வீடு முழுக்கப் பூசியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நல்ல பூச்சு ஒன்று இந்த ஐந்து அறிவிப்புகளையும் தாண்டி நிற்கும். அறிவிப்புக்கு அறிவிப்பு தூரிகையைத் தூக்கினால் உங்கள் சுவருக்கு ஓய்வே இருக்காது.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது ‘மாலையில்’ என்ற சொல். பகலில் அந்த அறை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே?

3 மார்ச்

பகலில் நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. நினைத்தேன்.

விளக்கைக் கழற்றி அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். 2700, 4000, 6500 என்று ஏதாவது ஒரு எண்ணோடு கெல்வின் அளவு அச்சாகியிருக்கும். 2700 பழைய குண்டு பல்பின் மஞ்சள் சாயல். 4000 நடுநிலை வெள்ளை. 6500 நீலம் கலந்த பகல் வெள்ளை. சந்தையில் கிடைக்கிற சாம்பல்களில் பல அடியில் நீலம் ஓடுபவை. அந்தச் சுவர் மேல் 6500 விளக்கைப் போட்டுவிட்டு மனம் சோர்கிறது என்றால், சோராமல் என்ன செய்யும்? சவக்கிடங்கில் உட்கார வைத்திருக்கிறீர்கள் அதை.

இன்னொரு எண்ணும் பெட்டியில் இருக்கும். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்பதற்கான சி.ஆர்.ஐ. அளவு. உச்சம் 100. மலிவான எல்.இ.டி. விளக்குகள் 80 அளவில் நின்றுவிடும். 90-க்கு மேல் உள்ளதைத் தேடி வாங்குங்கள். 80-இல் மரத்தின் செம்மை வெளிறிவிடும், மனிதத் தோலும் நோயாளித் தோல் மாதிரி தெரியும். கடையில் பொருந்திய இரண்டு துணிகள் வீட்டுக்கு வந்ததும் ஒன்றோடொன்று சண்டை போடுவதற்கும் விளக்குதான் காரணம். ஓர் ஒளியில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னோர் ஒளியில் பிரிந்துவிடும்.

முதலில் விளக்கை மாற்றுங்கள். பிறகு சுவரைப் பற்றிப் பேசலாம்.

3 மார்ச், சற்று நேரம் கழித்து

"மஞ்சள் விளக்கில் படிக்க முடியாது, தூக்கம் வரும்" என்று ஒருவர். படிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நிற்கும் விளக்கை வையுங்கள், புத்தகத்தின் மேல் ஒளி விழட்டும். அறை முழுவதையும் அறுவைச் சிகிச்சைக் கூடமாக்க வேண்டிய தேவை என்ன?

இதே இடத்தில் என் பெரிய எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். கூரையில் பொய்க்கூரை அமைத்து, அதில் வரிசையாகக் குழி தோண்டி, குழிக்கொரு விளக்கைப் பதிக்கும் வழக்கம். நேர் மேலிருந்து விழும் ஒளியில் எல்லோருடைய கண்ணுக்குக் கீழும் கருவளையம், மூக்குக்குக் கீழே நிழல். நல்ல முகங்களைக்கூட அது களைத்த முகங்களாக்கிவிடும். உட்காரும்போது கண் இருக்கிற உயரத்திலோ அதற்குக் கீழோ இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஒளி வந்தால் அறையின் குணமே மாறும். சுவரில் ஒன்றும் மாற்ற வேண்டாம்.

9 மார்ச்

"எப்போதும் பழசாகாதது வெள்ளை. வெள்ளை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்." இப்படி ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். வெள்ளை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கட்சி சேராத நிறம் என்று நினைத்துக்கொள்வதை ஏற்க மாட்டேன்.

வெள்ளைச் சுவர்களுக்குக் கொடி பிடித்தவர்களில் பெரியவர் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர். 1925-இல் எல்லாச் சுவர்களுக்கும் வெள்ளை அடிக்க வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டில் பாரிசில் அவர் கட்டி முடித்த லா ரோஷ் வீட்டுக்குள் போனால் பழுப்பும் நீலமும் பச்சையும் சாம்பலுமாகச் சுவர்கள் நிற்கின்றன. 1931-இல் சுவர்த்தாள் நிறுவனம் ஒன்றுக்காக 43 நிறங்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்துக் கொடுத்தார். 1959-இல் இன்னும் இருபது. வெள்ளையின் தூதர் கையில் மொத்தம் 63 நிறங்கள்!

பின்னே உலகம் ஏன் அவருடைய வீடுகளை வெள்ளை வீடுகளாகவே நினைத்தது? பெரும்பாலோர் அவற்றைப் பார்த்தது கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில். மங்கலான பச்சையும் இளஞ்சிவப்பும் படத்தில் வெள்ளையாகிவிட்டன. அந்தப் படங்களைப் பார்த்து வீடு கட்டியவர்கள் அவரைவிட வெள்ளையாகக் கட்டினார்கள். கண்டதே காட்சி, கொண்டதே கோலம்.

வெள்ளையின் இன்னொரு சங்கடம்: அதற்குச் சொந்த முகம் கிடையாது. சிவந்த தரை போட்டால் சுவரின் கீழ்ப்பகுதி சிவக்கும். சன்னலுக்கு வெளியே மரம் நின்றால் பச்சை ஏறும். இது சிலருக்கு அழகு, சிலருக்கு எரிச்சல். எனக்கு அழகுதான்.

11 மார்ச்

வெள்ளையோடு சேர்த்துச் சொல்ல விட்டுப்போனது, பூச்சின் பளபளப்பு. நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

உங்கள் வீட்டு மின்விசைப் பலகை ஒன்றின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பலகையைச் சுற்றி ஓர் அரை வட்டம் இருக்கும், கூடத்தின் பக்கம் சற்று அகலமாக. இருட்டில் விசையைத் தேடிய விரல்களின் தடம். என் வீட்டில் அது இடுப்பு உயரத்தில் இன்னொரு தடமாகவும் உண்டு, குழந்தை எட்டிய காலத்தில் விழுந்தது. சுவர் பளபளப்பே இல்லாத மேட் பூச்சாக இருந்து, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தீர்கள் என்றால் அழுக்கு போகும், அந்த இடம் மட்டும் பளபளக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது அழுக்கைவிட அசிங்கம். லேசாக மினுங்கும் சாட்டின் பூச்சு துடைப்பைத் தாங்கும். ஆனால் சுவரின் மேடு பள்ளம் அத்தனையையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே நடைவழி, சமையலறை, குழந்தைகள் புழங்கும் சுவர் ஆகியவற்றுக்குச் சாட்டின். கூரைக்கும் படுக்கையறைக்கும் மேட். அலங்கார இதழ்களில் வருகிற சுண்ணாம்புத் தோற்றமுள்ள கனத்த மேட் சுவர்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அந்தப் படத்தில் மின்விசை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

16 மார்ச்

சமையலறையில் கதவில்லாத் திறந்த தட்டுகள் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம்.

எங்கள் வீட்டில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் இரண்டு தட்டுகள் இருந்தன. மேல் தட்டில் அழகுக்காக அடுக்கிய கிண்ணங்களை ஒரு நாள் எடுக்கப் போனேன். அடுக்கின் மேல் கிண்ணத்துக்குள் விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்ப் புகை ஒரு படலமாகப் படிந்து, அதன் மேல் தூசி இறங்கி, இரண்டும் சேர்ந்து மெழுகாகியிருந்தன. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. வெறும் தண்ணீருக்கு அசையவில்லை, சோப்பும் சுடுநீரும் வேண்டியிருந்தது.

18 மார்ச்

தட்டுகளைப் பற்றி இன்னும் யோசித்தேன். "வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். கீழ்த் தட்டில் இருந்த குவளைகளுக்கு அந்தப் படலம் இல்லவே இல்லை. அவற்றைத் தினமும் எடுக்கிறோம், கழுவுகிறோம், திரும்ப வைக்கிறோம். படலத்துக்கு உட்கார நேரம் கிடைப்பதில்லை. ஆகவே அன்றாடம் கைபடுகிற பொருள்களுக்கு ஒரே ஒரு திறந்த தட்டு, கை எட்டும் உயரத்தில். மற்றவற்றுக்குக் கதவு. காட்சிக்கு வைப்பவை கதவுக்குள் போகட்டும், புழங்குபவை வெளியே இருக்கட்டும் என்பது படங்களில் காட்டுவதற்கு நேர் எதிர். தெரிந்தேதான் சொல்கிறேன்.

இதையெல்லாம் நூறு ஆண்டுக்கு முன்பே யோசித்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். 1926-இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அவர் வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். தானியங்களுக்கும் மாவுக்கும் கைப்பிடியும் வாயும் வைத்த அலுமினிய இழுப்பறைகள். இழுத்து அப்படியே கொட்டலாம். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. அலமாரிகளுக்கு நீலம் பூசினார்கள், நீலத்தில் ஈ உட்காராது என்று அப்போது நம்பியதால். நிறத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட நேர்மையான காரணத்தை நான் கேட்டதில்லை.

இதில் வேடிக்கை, அந்தச் சமையலறையை வடிவமைக்கும் முன் தாம் வீட்டு வேலை பார்த்ததும் இல்லை, சமைத்ததும் இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

23 மார்ச்

"சுவரை எடுத்துவிட்டுச் சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்கினோம். வீடு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ஏனோ எல்லோரும் கத்தியே பேசுகிறோம்." இந்த வரியை எழுதியவருக்கு நன்றி. நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வழி விட்டீர்கள்.

ஒலியைப் பற்றி அலங்காரக்காரர்கள் வாயே திறப்பதில்லை. 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு புது விரிவுரைக் கூடம். பார்க்க அழகு, கேட்க நரகம். பேசிய சொல் ஐந்து வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்ததால் அடுத்தடுத்த சொற்கள் அதன் மேல் விழுந்து குழம்பின. அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து பரப்பினார், ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தார், விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரத்தை வைத்து அறைகளை அளக்கும் முறை அவருடைய இந்த மெத்தை தூக்கலிலிருந்து வந்தது. அறையின் கொள்ளளவு கூடினால் அந்த நேரம் கூடும், ஒலியை உறிஞ்சும் பொருள்கள் கூடினால் குறையும். ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய ஆறு மெத்தைகளுக்குச் சமம் என்றும் கண்டார். விருந்தாளிகள் நிறைந்தால் வீடு இதமாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அவர்கள் பேசாமல் இருந்தால்.

இப்போது உங்கள் கூடத்தைப் பாருங்கள். சுவரை எடுத்ததால் கொள்ளளவு கூடிவிட்டது. வழவழப்பான தரை, கண்ணாடிக் கதவு, வெற்றுச் சுவர், தோல் சோபா, திரை இல்லாத சன்னல். உறிஞ்ச ஒரு முழத் துணி இல்லை. கை தட்டினால் பின்னாலேயே ‘கிணுங்’ என்று ஓர் எச்சம் கேட்கிறதா? பாத்திரம் வைக்கும் சத்தம், தொலைக்காட்சி, குழந்தை, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஒருவர் குரலை உயர்த்துவார், அதற்கு மேல் இன்னொருவர் உயர்த்துவார்.

தீர்வு எளிது, படத்துக்கு எடுபடாது. கனத்த விரிப்பு, அதன் அடியில் ஒரு மெத்து. சன்னலின் அகலத்தைப் போல இரு மடங்கு துணியுள்ள, உள்துணி தைத்த திரை. துணி சோபா. ஒரு சுவரில் புத்தக அலமாரி, ஏறுக்கு மாறாக அடுக்கியதாகவே இருக்கட்டும். ஒழுங்கற்ற பரப்பு ஒலியைச் சிதறடிக்கும்.

குறைவான பொருள், வெற்றுப் பரப்பு, இடைவெளி என்கிற பாணி இவ்வளவு தூரம் பரவியதற்கு என் விளக்கம் இதுதான். புகைப்படத்துக்குக் காது கிடையாது. மூக்கும் தோலும் கிடையாது. படத்தில் வருவது மட்டும்தான் போக்காக மாறும். எதிரொலி, காலுக்குச் சில்லிடும் தரை, நகம் மாட்டும் கைப்பிடி, துடைக்கும் வேலை, இவை எந்தக் காலத்திலும் ‘இந்த ஆண்டின்’ எதுவாகவும் ஆகாது.

24 மார்ச்

தொலைக்காட்சி எந்த உயரத்தில்? உட்கார்ந்தால் உங்கள் கண் இருக்கும் உயரத்தில் திரையின் நடுப்பகுதி. பெரும்பாலோருக்குத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே. ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் அரை மீட்டர் உயரமாக மாட்டியிருக்கிறார்கள். நின்றுகொண்டு மாட்டியதால் வந்த வினை.

30 மார்ச்

நேற்று முன்தினம் எழுதிய ஒருவர் கோபத்தில் இருக்கிறார். "விளக்கு, தூசி, துடைப்பு, சத்தம். உங்களுக்கு அழகே கண்ணில் படாதா? வீடு என்ன ஆய்வுக்கூடமா?"

படும் ஐயா. அலங்காரத்துக்கு நான் எதிரி இல்லை. மினுமினுக்கும் பித்தளைக் குமிழ், பூ வேலைப்பாடுள்ள திரை, யாரோ வரைந்த மோசமான நிலக்காட்சி ஓவியம், எல்லாம் என் வீட்டில் இருக்கின்றன. எனக்கு ஆகாதது பராமரிப்பை மறைத்து விற்கும் அழகு. நெடுக்கு வரி வரியாகக் குடைந்த மரப்பலகைகளைச் சுவர் முழுக்க ஒட்டுகிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி விழுந்தால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விளிம்பு, ஒரு பள்ளம். துணி பள்ளத்துக்குள் இறங்காது, தூரிகை வேண்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் கூடினாலும் சரி. அந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்தவரும் தூரிகையைப் பிடிப்பவரும் பெரும்பாலும் ஒருவரே அல்ல. வாங்கும் முன் துடைக்கப்போகிறவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் எனக்கென்ன வந்தது.

31 மார்ச்

படுக்கையின் தலைமாட்டில் மட்டும், தோள் உயரத்துக்கு, அந்த வரிப்பலகை வைத்த ஒரு நண்பரின் அறையை நினைத்துப் பார்த்தேன். பரப்பு சிறியது, தலையணை பாதியை மறைக்கிறது, சாய்ந்தால் முதுகுக்கு மரம் இதமாக இருக்கிறது. அது நன்றாகவே இருந்தது. இந்த அளவுக்கு இறங்கி வருகிறேன்.

6 ஏப்ரல்

செடிகள். "காற்றைச் சுத்தம் செய்யும், அதனால் மூலைக்கு மூலை வைத்திருக்கிறேன்" என்ற வரியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். இந்த நம்பிக்கை 1989-இல் வெளிவந்த நாசா ஆய்வு ஒன்றிலிருந்து பரவியது. அந்த ஆய்வு காற்று புகாதபடி மூடிய சிறு அறைகளுக்குள் நடந்தது. நம் வீடுகளில் சன்னலும் கதவும் இடுக்கும் இருக்கின்றன. இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்றார்கள். ஆயிரத்தை வைத்துவிட்டு நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?

சன்னலைத் திறங்கள். செடியை அழகுக்கு வையுங்கள். அது போதுமான காரணம், மருத்துவச் சான்றிதழ் எதற்கு?

பிளாஸ்டிக் செடிக்கும் ஒரு கேள்வி வந்திருந்தது. அதன் இலைகளைத் துடைப்பதற்கு உயிருள்ள செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம். வெளிச்சம் வராத மூலையில் உயிர்ச்செடி நிற்காது என்பது உண்மை. அங்கே ஒரு விளக்கை வையுங்கள்.

7 ஏப்ரல்

புத்தகங்களை நிறவாரியாக அடுக்குவது பற்றி: படிக்கிறவர்கள் எப்படியும் அடுக்கைக் கலைத்துவிடுவார்கள், எனவே தீங்கற்றது. முதுகை உள்ளே தள்ளித் தாள்களின் வெளிர் விளிம்பு தெரிய அடுக்குவது பற்றி: அந்த வீட்டில் யாரிடமும் புத்தகம் இரவல் கேட்காதீர்கள்.

13 ஏப்ரல்

சுவர்த்தாள் திரும்ப வந்துவிட்டதாமே என்கிறார்கள். வரட்டும். 1775-இல் ஷீலே என்ற வேதியியலாளர் ஒரு பிரகாசமான பச்சையைக் கண்டுபிடித்தார். அதில் ஆர்செனிக் இருந்தது. அடுத்த நூற்றாண்டில் அந்தப் பச்சையும் அதன் உறவுப் பச்சைகளும் ஐரோப்பாவின் சுவர்த்தாள்களில் நிறைந்தன. அறையின் அழகுக்காக நஞ்சை ஒட்டிக்கொண்டு அதன் நடுவில் தூங்கினார்கள். போக்கு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படுக்கையறைகள் நினைவுக்கு வரும்.

இன்றைய தாள்களில் அது இல்லை. பழைய வீட்டுக்காரர்களுக்கு வேறோர் எச்சரிக்கை மட்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவே 1978-இல்தான் வீட்டுப் பெயிண்டில் அதைத் தடை செய்தது. பழைய அடுக்குகளை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் எக்காரணம் கொண்டும் வேண்டாம். சோதித்துப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஒட்டி உரிக்கும் தாள் வாங்குவோர், கதவுக்குப் பின்னால் ஒரு சாண் ஒட்டிச் சில வாரம் விட்டுவிட்டு உரித்துப் பாருங்கள். பெயிண்டும் சேர்ந்து வருகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

27 ஏப்ரல்

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். விளக்கை 2700-க்கு மாற்றினாராம், சோர்வு போய்விட்டதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மகிழ்ச்சியில் பழுப்பு நிறத்தில் இரண்டு திண்டுகள் வாங்கினாராம். திண்டு வந்ததும் சோபா வெளிறித் தெரிந்ததாம். சோபாவுக்கு உறை போட்டதும் விரிப்பு பொருந்தவில்லையாம். இப்போது திரைச்சீலை பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

இது பதினெட்டாம் நூற்றாண்டு வியாதி. பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோவுக்கு ஒரு புதிய கருஞ்சிவப்பு அங்கி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பழைய நாற்காலி, பழைய மேசை, சுவரில் இருந்த பழைய படங்கள் எல்லாம் மட்டமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியில் பழைய அங்கிக்கு நான் எசமான், புதிய அங்கிக்கு நான் அடிமை என்று புலம்பி ஒரு கட்டுரையே எழுதினார். 1980-களில் கிராண்ட் மெக்கிராக்கன் என்ற மானுடவியலாளர் இதற்குத் ‘திதரோ விளைவு’ என்று பெயர் வைத்தார்.

திரைச்சீலையை இப்போது வாங்காதீர்கள். திண்டுகளைச் சில நாள் படுக்கையறையில் போட்டுவிட்டுக் கூடத்தைப் பாருங்கள்.

28 ஏப்ரல்

"திரை வேண்டும் என்று ஒலிக் குறிப்பில் சொன்னீர்கள், இப்போது வேண்டாம் என்கிறீர்கள்." சரியான பிடி. இரண்டும் நிற்கும். கூடத்தில் எதிரொலி இருந்தால் திரை வாங்குங்கள். திண்டுக்குப் பொருத்தமாக வேண்டும் என்பதற்காக வாங்காதீர்கள். கை தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கினால் சன்னலின் விளிம்போடு நிறுத்தாமல் கம்பியை இரு பக்கமும் நீட்டி, கூரைக்கு நெருக்கமாக மாட்டுங்கள். பகலில் துணி முழுதும் சுவர்மேல் ஒதுங்கும், கண்ணாடியில் ஒரு விரற்கடைகூட மறையாது.

4 மே

ஒருவர் கேட்கிறார்: "படத்தில் பார்த்தபடியே அச்சாக வாங்கி அடுக்கியும் என் வீடு அப்படி வரவில்லை. என்ன குறை?"

உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, படத்தில் வீடு இல்லை. 2006-இல் வீட்டுச் சாமான்கள் விற்கும் ஐக்கியா நிறுவனத்தின் பட்டியலில் ‘பெர்ட்டில்’ என்ற மர நாற்காலியின் படம் வந்தது. அது கணினியில் உருவாக்கியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அவர்களுடைய பொருள் படங்களில் பெரும்பகுதி அப்படி ஆகிவிட்டது. உண்மையான அறையைப் படமெடுத்தாலும் அகலக் கோண லென்ஸ் வைத்து, எல்லா விளக்கையும் எரியவிட்டு, மின்கம்பிகளை அழித்து, குப்பைத்தொட்டியை அப்புறப்படுத்தித்தான் எடுக்கிறார்கள். அகலக் கோணத்தில் ஒன்பது அடி அறை பதினைந்து அடியாகத் தெரியும். அதைப் பார்த்து வாங்கிய சோபா உங்கள் ஒன்பது அடிக்குள் வந்து அமர்ந்ததும் நடக்கப் பாதை இருக்காது.

சோபாவை வாங்கும் முன் அதன் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாளை வெட்டித் தரையில் ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றியே நடந்து பாருங்கள். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போது தாளை மிதிக்கிறீர்களா என்று பார்ப்பது முக்கியம்.

11 மே

முதல் கேள்விக்காரரிடமிருந்து இன்னொரு வரி. விளக்கை மாற்றியாயிற்று, திண்டுகளும் படுக்கையறைக்குப் போய்விட்டன, ஆனாலும் ஒரே ஒரு சுவரை மட்டும் மாற்ற ஆசையாக இருக்கிறதாம். ஆசை வந்துவிட்டால் மாற்றுங்கள், அதற்கு என் அனுமதி எதற்கு?

ஆனால் சிறு நிற அட்டையைச் சுவரில் வைத்து முடிவு செய்யாதீர்கள். கை அகலம் நான்கு சேர்ந்த அட்டை ஒன்றில் இரண்டு பூச்சு பூசி, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு, அதை வெவ்வேறு சுவர்களில் நகர்த்திப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை. நேரே சுவரில் பூசிப் பார்த்தால் பழைய சாம்பல் சுற்றி நின்று புதிய நிறத்தைப் பொய்யாகக் காட்டும். நிற அட்டையின் பின்புறம் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருந்தால் அதையும் பாருங்கள், அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. எண் இறங்க இறங்கச் சுவர் ஒளியை விழுங்கும், விளக்கைக் கூட்ட வேண்டியிருக்கும். கரும்பழுப்பை விரும்புகிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பிறகு 6500 விளக்குக்கே திரும்பிப் போவார்கள்.

வாங்கும் டப்பாக்கள் எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணாக இருக்கின்றனவா என்று கடையிலேயே சரிபாருங்கள். மிச்சத்தில் ஒரு சிறு கண்ணாடிப் புட்டி நிறைய எடுத்து, மூடியில் நிறத்தின் எண்ணையும் அறையின் பெயரையும் எழுதி வையுங்கள். மின்விசைக்குப் பக்கத்து அரைவட்டத்துக்கு அது உதவும்.

11 மே, இரவு

கூரைக்கு என்ன நிறம் என்று கடைசியாக ஒருவர். சுவர் நிறத்தையே பாதி அளவு வெள்ளை கலந்து பூசச் சொல்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கும். நான் அண்ணாந்து பார்ப்பதே இல்லை, அதனால் எனக்குச் சாதா வெள்ளை போதும்.